கீரமங்கலம் சாலையில் ஒரு புள்ளி

ரூமானாவின் போன் திருடு போனது ஒரு புதன்கிழமை மாலை, நாலரைக்கும் நாலு நாற்பதுக்கும் இடையில். நாகுடியில் அவள் வேலை பார்க்கும் நர்சரிப் பள்ளியிலிருந்து வந்த பஸ், அறந்தாங்கி பஸ் ஸ்டாண்டுக்குள் நுழையும்போது போனில் மணி பார்த்திருந்தாள். கூட்டத்தோடு கூட்டமாக இறங்கி நடந்து, மாலை வகுப்பில் கம்ப்யூட்டர் படிக்கும் தட்டச்சு நிலையத்தின் மாடிப்படியில் கால் வைக்கும்போது மறுபடி மணி பார்க்கப் பைக்குள் கைவிட்டாள். ஜிப் திறந்திருந்தது. டிபன் பாக்ஸ் இருந்தது, குடை இருந்தது, டைரி இருந்தது. போன் இல்லை.

படியிலேயே உட்கார்ந்து பையைத் தலைகீழாகக் கொட்டினாள். ஒவ்வொன்றாக எடுத்து உள்ளே வைத்தாள். பிறகு இன்னொரு தடவை கொட்டினாள். முதலில் தேடியது ஒழுங்காகத் தேடியதுதானா என்ற சந்தேகம். வீட்டைப் பூட்டிவிட்டுப் பாதித் தெருவிலிருந்து திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்க்கிற பெண் அவள்.

போனால் போகட்டும் என்று விட்டுவிட முடியாதபடி அந்த போனில் ஒன்று இருந்தது: பவுசியாவின் கல்யாணப் படங்கள்.

பவுசியா அவளுடைய தாய்மாமன் யாக்கூபின் மகள். மாமா வீட்டுக் கல்யாணத்தில் பெண்கள் பக்கம் போட்டோ எடுக்க வெளியாள் வர முடியாது. வருகிற பெண்களின் போன்களைக்கூட ரம்லத் பீவி மாமி வாசலிலேயே வாங்கி, ஒரு பனையோலைக் கூடையில் போட்டுவிட்டு, ஆளுக்கொரு நம்பர் சீட்டு கொடுத்துவிடுவாள். குடும்பத்தில் நம்பகமான ஒரே ஒரு பெண்ணின் போன் மட்டும் உள்ளே போகலாம். மூன்று மாதத்துக்கு முன்னால் நடந்த பவுசியாவின் கல்யாணத்தில் அந்த ஒருத்தி ரூமானா. ‘அது ஒழுங்கான புள்ள, சொன்னா சொன்னபடி செய்யும்’ என்று மாமி நாலு பேர் கேட்கச் சொன்னாள். மருதாணி அன்றும் நிக்காஹ் அன்றும் தலைத்துணி இல்லாமல், முடியை அவிழ்த்துவிட்டு, கைதட்டிப் பாடிக்கொண்டு, பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டு அந்தக் கூடத்தில் இருந்தவர்கள் நாற்பது பெண்கள். மொத்தம் இருநூற்றுப் பன்னிரண்டு படங்கள். பென்டிரைவில் ஏற்றிப் பவுசியாவிடம் கொடுத்துவிட்டு, போனில் இருப்பதை அழித்துவிட வேண்டும் என்பது பேச்சு.

ஏற்றினாள், கொடுத்தாள். அழிக்கவில்லை. எல்லாம் சரியாக ஏறியிருக்கிறதா என்று சந்தேகம் வந்துவிட்டது. பென்டிரைவைத் திரும்ப வாங்கி ஒவ்வொரு படமாக ஒப்பிட்டுப் பார்க்கத் தொடங்கினாள். நூற்று நாற்பது வரை வந்தபோது பள்ளியில் ஆண்டு விழா வந்தது. மிச்சத்தைப் பிறகு வாங்கிப் பார்த்துவிட்டு அழித்துக்கொள்ளலாம் என்று பவுசியாவிடம் பென்டிரைவைத் திருப்பிக் கொடுத்தாள். அந்த மிச்சம் அப்படியே கிடந்தது.

நிலையத்தில் சிவரஞ்சனி மட்டும் வந்திருந்தாள். பகலில் மருந்துக்கடையில் நின்றுவிட்டு மாலையில் வகுப்புக்கு வருகிறவள். ரூமானாவின் பக்கத்து நாற்காலி. விஷயத்தைக் கேட்டதும் முதல் வேலையாகத் தன் போனிலிருந்து அடித்துப் பார்த்தாள். மணி போனது, யாரும் எடுக்கவில்லை.

“லாக் போட்டிருக்கீல்ல?” என்றாள்.

“போட்டிருக்கேன். ஆனா பஸ்ல மூணு நாலு தடவ தொறந்தேன்டி. பின்னாடி எவன் நின்னு பாத்தான்னு தெரியலையே.”

இன்னாசியம்மாள் டீச்சர், ஐந்து மணிக்குள் வேலையை முடித்துக்கொள்ளச் சொல்லி ஜன்னலோரக் கம்ப்யூட்டரைத் திறந்துவிட்டார். இரண்டு மாதத்துக்கு முன்னால் இதையே ஒரு பாடமாக நடத்தியவர் அவர். போன் தொலைந்தால் இன்னொரு கம்ப்யூட்டரிலிருந்து நம் மின்னஞ்சல் கணக்கைத் திறந்து, போன் எங்கே இருக்கிறது என்று வரைபடத்தில் பார்க்கலாம், பூட்டலாம், உள்ளே இருப்பதை முழுதாக அழிக்கலாம். கணக்கைத் திறக்கும்போது போனுக்கு ஒரு எண் வரும். போனே இல்லாதபோது என்ன செய்வது? அதற்காகப் பத்து மாற்று எண்களை முன்கூட்டியே வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும். வகுப்பில் எல்லோரும் அந்த எண்களை போனிலேயே படம் பிடித்து வைத்துக்கொண்டார்கள். ரூமானா மட்டும் டைரியின் கடைசிப் பக்கத்தில் மையால் எழுதினாள். அன்றைக்கு இதே சிவரஞ்சனிதான், கல்வெட்டு வெட்டுறியாடி என்று கேலி செய்தாள். இப்போது அவளே டைரியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு எண்ணாகப் படித்துச் சொன்னாள்.

கணக்கு திறந்தது. வரைபடம் மெதுவாக வந்தது. அதில் இரண்டு போன்கள் இருந்தன.

ஒன்று ஆலங்குடிப் பக்கம் நகர்ந்துகொண்டிருந்தது. அறந்தாங்கியைத் தாண்டி, கீரமங்கலம் சாலையில், பஸ் போகிற வேகத்தில் ஒரு புள்ளி. இன்னொன்று ஷார்ஜாவில் அசையாமல் இருந்தது.

“என்னடி இது, கால் மணி நேரத்துல பிளைட் ஏறிட்டானா?” என்றாள் சிவரஞ்சனி.

ரூமானாவுக்குச் சிரிப்பு வரவில்லை. தான்தான் எதையோ தப்பாக அழுத்திவிட்டோம் என்று நினைத்தாள். பக்கத்தை மூடி இன்னொரு முறை திறந்தாள். அப்போதும் இரண்டுதான். ஷார்ஜா போனின் பெயரை வாசித்தாள். எட்டு மாதத்துக்கு முன் லீவில் வந்தபோது அவள் அண்ணன் ஷாகிர் கையில் வைத்திருந்த போன் அது. பக்கத்திலேயே, இந்தக் கணக்கை அது கடைசியாகப் பயன்படுத்திய நேரம் போட்டிருந்தது: இரண்டு நிமிடத்துக்கு முன்.

அந்த லீவில்தான் அண்ணன் அவளுக்கு இந்த போனை வாங்கி வந்தான். ‘குடு, நானே எல்லாம் போட்டுத் தாரேன்’ என்று ஒரு மத்தியானம் முழுக்க உட்கார்ந்து கணக்குத் திறந்து கொடுத்தான். எடுக்கிற படமெல்லாம் கணக்கிலேயே சேர்ந்துவிடும், போன் தொலைந்தாலும் படம் தொலையாது என்றான். அப்பா இல்லாத வீடு; அத்தா இறந்து நாலு வருடம் ஆகியிருந்தது. மாலை வகுப்பு என்றதும் அம்மா முடியாது என்றாள், யாக்கூப் மாமாவும் முகத்தைச் சுளித்தார். அண்ணன் ஒருவன்தான், போகட்டும் மாமா, அவளுக்கு நான் பொறுப்பு என்று எல்லோர் முன்னாலும் சொன்னான். அன்று இரவு டைரியில் அவள் எழுதியது ஒரே வரி: இப்படி ஒரு அண்ணன் யாருக்குக் கிடைப்பான்.

டீச்சரின் பாடத்தில் ஆறு படிகள் இருந்தன. ஆறாவது, நம் கணக்கு வேறு எந்தெந்தக் கருவியில் திறந்திருக்கிறது என்று பார்ப்பது. டைரியில் அந்தப் பக்கத்தைப் புரட்டினாள். ஆறுக்கும் டிக் போட்டிருந்தது. ஆறாவதை அவள் செய்யவில்லை. அன்றைக்கு வகுப்பு நீண்டு, வீட்டில் தேடுவார்களே என்ற அவசரத்தில் டிக்கை மட்டும் போட்டுவிட்டுக் கிளம்பிய ஞாபகம் இப்போது தெளிவாக வந்தது. டைரியில் அவள் எழுதிய ஒரே பொய் அந்த டிக்தான்.

அப்போதும் மனம் அண்ணன் பக்கமே நின்றது. போட்டுக் கொடுத்தபோது திறந்தது, மூட மறந்திருப்பான். எப்படியும் அவனிடம் பேசத்தான் வேண்டும். சிம் அவன் பெயரில் இருந்தது, அவன் சொன்னால்தான் சீக்கிரம் முடக்க முடியும். டைரியில் நம்பர் பார்த்து, சிவரஞ்சனியின் போனிலிருந்து அழைத்தாள்.

முதல் மணியிலேயே எடுத்தான்.

“அண்ணே, நான் ரூமானா.”

“எவன் நம்பர்டி இது?”

“சிவரஞ்சனி நம்பருண்ணே. என் போனு...”

“கீரமங்கலம் ரோட்டுல ஒனக்கு என்ன வேல? கிளாஸ் இங்கிட்டு இருக்க, நீ அங்கிட்டு எங்க போற? கூட எவன் இருக்கான்?”

ஜன்னலுக்கு வெளியே பஸ் ஸ்டாண்டில் யாரோ சீட்டுக்குத் துண்டு போட்டுக்கொண்டிருந்தார்கள். அவள் அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். தான் நிலையத்தில்தான் இருக்கிறோம் என்பதே ஒரு நொடி அவளுக்குச் சந்தேகமாகிவிட்டது.

“நான் கிளாஸ்ல இருக்கேன்ணே,” என்றாள் கடைசியில். “போன எவனோ திருடிட்டான். அவன்தான் கீரமங்கலம் ரோட்டுல போறான்.”

“திருடிட்டானா?” என்றான் அவன்.

“நான் அந்த ரோட்டுல போறேன்னு ஒங்களுக்கு யாருண்ணே சொன்னா?”

அவன் சுற்றி வளைத்துப் பேசினான். ஊர் கெட்டுக் கிடக்கிறது, வயசுப் பெண் ஏழு மணிக்குத் தனியாக வருகிறாள், எங்கே இருக்கிறாள் என்று கடல் தாண்டி இருக்கிறவனுக்குத் தெரிய வேண்டாமா, எல்லாம் உன் நல்லதுக்குத்தான். பேச்சோடு பேச்சாக இன்னொன்றும் வெளியே வந்தது. புள்ளி ஊரைத் தாண்டியதுமே அவன் அம்மாவுக்கு போன் செய்திருக்கிறான். அம்மா யாக்கூப் மாமாவுக்குச் சொல்லியிருக்கிறாள். மாமா கடையை அப்படியே போட்டுவிட்டு பைக்கில் அந்த பஸ்ஸின் பின்னால் போய்க்கொண்டிருக்கிறார். பெண் யாருடனோ ஓடிப்போகிறாள் என்றுதான் மூன்று பேரும் நினைத்திருக்கிறார்கள். ரூமானாவுக்கு என்ன ஆயிற்று என்று அந்த மூன்று பேரில் ஒருவரும் நிலையத்துக்கு ஒரு போன் செய்து கேட்கவில்லை.

போனை முழுதாக அழிக்கப் போகிறேன், அதில் பவுசியா கல்யாணப் படம் இருக்கிறது என்றாள்.

அவன் அவசரமாகத் தடுத்தான். “அழிச்சிடாத. அழிச்சா புள்ளி போயிரும். மாமா பக்கத்துல போயிட்டாரு, புடிச்சிருவாரு.”

“அந்தப் படமெல்லாம் ஒங்க போன்லயும் வந்துச்சாண்ணே?”

“அது தானா வந்து விழும். நான் எங்க பாக்கப் போறேன், எனக்கு வேற சோலி இல்லையா?”

அவள் அழைப்பைத் துண்டித்துவிட்டு போனைச் சிவரஞ்சனியிடம் நீட்டினாள். பிறகு டைரியைப் புரட்டினாள். தினமும் பத்து வரி எழுதுவது அவள் பழக்கம். யார் என்ன சொன்னார்கள், எப்போது சொன்னார்கள் என்று. கல்யாணம் முடிந்த மூன்றாம் நாள் பக்கத்தில் அது இருந்தது: ‘அண்ணன் பேசினான். பவுசியா ரொம்ப இளைச்சிட்டா, கழுத்தெலும்பு தெரியுதுன்னு சொன்னான். அவனுக்கு எப்படித் தெரியும்? அம்மா சொல்லியிருப்பாங்க.’

பவுசியா வெளியே போகும்போது கழுத்து தெரிய உடுத்துகிறவள் இல்லை. அது தெரிகிற மாதிரி இருந்த படங்கள் மருதாணி அன்று எடுத்தவை மட்டும்தான்.

இன்னும் பின்னால் போனாள். வகுப்பு முடிந்து சிவரஞ்சனியோடு பேக்கரிக்குப் போன நாள்: ‘அண்ணன் திடீர்னு போன். பப்ஸ் சாப்பிட்டியான்னு கேட்டு சிரிச்சான். அண்ணனுக்கு என் மனசு எப்படித்தான் தெரியுதோ.’ நார்த்தாமலைக்குப் பள்ளிப் பிள்ளைகளைக் கூட்டிப் போன நாள்: ‘மலை ஏறினியா, கால் வலிக்குதான்னு கேட்டான். நான் சொல்லவே இல்லை. பாசம்.’ அந்தக் கடைசிச் சொல்லுக்குக் கீழே ஒரு கோடு வேறு இழுத்திருந்தாள். இப்படிப் பதினோரு இடங்கள். பாசம் என்று எழுதிய ஒவ்வொரு நாளும் அவன் வரைபடத்தைப் பார்த்திருக்கிறான். அவள் கொண்டாடிய அண்ணன் ஒரு புள்ளியைப் பார்த்துப் பேசியிருக்கிறான். அவள் எட்டு மாதமாக அதற்குப் பதில் சொல்லியிருக்கிறாள்.

“என்னடி செய்யப் போற?” என்றாள் சிவரஞ்சனி. அவள் கையில் போன் மறுபடி அதிர்ந்துகொண்டிருந்தது. எடுக்கவில்லை.

ரூமானா கீரமங்கலம் சாலையில் போகும் போனைத் தேர்ந்தெடுத்தாள். முழுதும் அழிக்கவா என்று கேட்டது. அழித்தபின் இருப்பிடம் தெரியாது என்று எச்சரித்தது. அழுத்தினாள். கொஞ்ச நேரத்தில் புள்ளி காணாமல் போனது.

அதன் கீழே ஷார்ஜா போன் இருந்தது. அதற்கும் அதே கேள்வி, அதே பொத்தான். ஒரு விரலசைவில் அண்ணனின் போனையும் வெறுமையாக்கிவிடலாம். அந்த போனில்தான் அத்தாவின் குரல் இருந்தது. ஆஸ்பத்திரியில் படுத்துக்கொண்டு, மூச்சு வாங்க வாங்க அனுப்பிய ஏழு பதிவுகள். வேறு யாரிடமும் இல்லை. அவள் விரல் மவுஸின் மேல் நின்றது. அது நின்ற நேரத்தை அவள் பிறகு டைரியில் எழுதவில்லை.

அழிக்கவில்லை. கணக்கிலிருந்து அந்த போனை வெளியேற்றினாள். கடவுச்சொல்லை மாற்றினாள். கணக்கில் சேர்ந்திருந்த இருநூற்றுப் பன்னிரண்டு படங்களையும் தேர்ந்தெடுத்து நீக்கினாள், குப்பைத் தொட்டியையும் காலி செய்தாள். நூற்று நாற்பதுக்கு மேல் இருப்பவை பென்டிரைவில் இருக்கின்றனவா என்று இந்த முறை பார்க்கவில்லை. பிறகு சிம்மை முடக்க வாடிக்கையாளர் எண்ணுக்குப் பேசினாள், வங்கிக்குப் பேசினாள். போனை அடையாளம் காட்டும் பதினைந்து இலக்க எண்ணை, பெட்டியைப் பார்த்து முன்பே எழுதி வைத்திருந்த டைரியிலிருந்து ஒரு தாளில் நகலெடுத்தாள், காலையில் போலீஸ் ஸ்டேஷனில் கொடுக்க. எல்லாம் முடிய ஆறு மணி. இன்னாசியம்மாள் டீச்சர் அன்றைய பாடத்தை நடத்திக்கொண்டுதான் இருந்தார். இந்தப் பக்கம் திரும்பவில்லை.

வீட்டுக்கு வந்தபோது அம்மா வாசலில் நின்றிருந்தாள். மகளைக் கண்டதும் அழுதாள், அணைத்துக்கொண்டாள், பிறகு அடிக்கக் கை ஓங்கி நிறுத்திக்கொண்டாள்.

“அண்ணன் என் போன் வழியா பாத்துக்கிட்டு இருந்தது ஒங்களுக்குத் தெரியுமாம்மா?”

அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். “தெரியாம என்ன. அதுக்குத்தானே நான் கிளாஸுக்கு சரின்னேன். இல்லாட்டி ஒன்ன விட்ருப்பேனா?”

அவளுக்கு வகுப்பு கிடைத்தது இப்படித்தான். அண்ணன் அன்றைக்கு எல்லோர் முன்னாலும் சொன்ன ‘பொறுப்பு’ அம்மாவுக்குப் புரிந்திருந்தது. புரியாதவள் அவள் ஒருத்திதான்.

யாக்கூப் மாமா வந்து பைக்கை நிறுத்திவிட்டுத் தண்ணீர் கேட்டார். பஸ்ஸைக் கீரமங்கலத்தில் மறித்து ஏறியிருக்கிறார். ரூமானா இருக்காளா, ரூமானா இருக்காளா என்று சத்தம் போட்டுக்கொண்டு ஒவ்வொரு பெண் முகமாகப் பார்த்திருக்கிறார். கண்டக்டர் சண்டைக்கு வந்திருக்கிறார். கறம்பக்குடிச் சந்தைக்குப் போகிற தெரிந்த முகங்கள் மூன்று அதில் இருந்தன. ரூமானா எதிரில் நிற்பதைப் பார்த்ததும் அவருக்குக் கோபத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. போன் திருடு போனதையும் ரூமானா படங்களை அழித்ததையும் அம்மா சொன்னாள். வந்த ஆத்திரத்தையெல்லாம் கண்டக்டர் மேலேயே கொட்டிவிட்டு வீட்டுக்குப் போனார். போகும்போது சொன்னார்: “படம் ஒண்ணும் வெளிய போகலைல? அது போதும்.”

அவருக்குப் படம் ஷார்ஜாவுக்குப் போனது தெரியாது. அம்மாவுக்குத் தெரியும், ஷாகிர் இதற்குள் பேசியிருந்தான். அவர் தலை மறைந்ததும் அம்மா குரலைத் தாழ்த்தினாள். மாமியிடம் அதைப் பற்றி வாயைத் திறக்கக் கூடாது. திருடன் எடுத்தான், நீ அழித்தாய், தீர்ந்தது. சொந்த அண்ணனை ஊர் சிரிக்க வைக்காதே. அவன் பார்த்தான் என்று யார் கண்டது?

“நான் கண்டேம்மா,” என்றாள் ரூமானா. “எழுதியே வச்சிருக்கேன்.”

மாமி வீடு நாலு வீடு தள்ளி. போகிற வழியில் இரண்டு தடவை நின்றாள். சொல்லாமல் விட்டால் யாருக்கும் எதுவும் தெரியாது. பவுசியா நிம்மதியாக இருப்பாள். சொன்னால் பவுசியா இனி ஷாகிரை நினைக்கும்போதெல்லாம் கழுத்தை மூடிக்கொள்வாள். சொல்வது யாருக்கு நல்லது, தனக்கா அவளுக்கா? சரியான பதில் கிடைக்கவில்லை. ஆனால், செய்யாமல் போட்ட ஒரு டிக் ஏற்கெனவே டைரியில் இருந்தது. இன்னொன்று வேண்டாம் என்று மட்டும் தெரிந்தது.

மாமா கடைக்குத் திரும்பிப் போயிருந்தார்; மாமியும் பவுசியாவும் கூடத்தில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்கள். பவுசியாவின் மாப்பிள்ளை வேலைக்குத் திரும்பிப் போய்விட்டதால் அவள் தாய்வீட்டில் இருந்தாள். இருவரும் ரூமானாவைப் பார்த்ததும் ஆறுதலாக ஏதோ சொல்ல வாயெடுத்தார்கள். அவள் உட்காரவில்லை.

“மாமி, திருடன் கையில படம் போகாம அழிச்சிட்டேன். ஆனா கல்யாணத்தன்னைலேருந்து அதெல்லாம் ஷாகிர் அண்ணன் போன்லயும் இருந்திருக்கு. எனக்குத் தெரியாது. இன்னைக்குத்தான் தெரிஞ்சிச்சு. கணக்குலேருந்து எடுத்துட்டேன். அண்ணன் தனியா எடுத்து வச்சிருக்கான்னு சொல்லத் தெரியல. பாத்திருக்கு. அது மட்டும் நிச்சயம்.”

பவுசியா கையிலிருந்த கீரையை வைத்தாள். எழுந்து உள்ளே போனாள், கதவு சாத்துகிற சத்தம் கேட்டது.

மாமி கீரையை ஓரமாக ஒதுக்கினாள்.

“அழிச்சிடுறேன்னு சொன்னியே. அப்பவே ஏன் அழிக்கல?”

“எல்லாம் சரியா ஏறிருக்கான்னு சந்தேகமா இருந்துச்சு மாமி.”

“ஒன்மேல ஒனக்குச் சந்தேகம். நாங்க ஒன்மேல அதக்கூட படல,” என்றாள் மாமி. குரலில் கோபம் இல்லை. அது இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். “நாற்பது பேரு வீட்டுக்கும் நான்தான் போய்ச் சொல்லணும். நீ வர வேணாம். எங்க சின்ன மக கல்யாணத்துக்கு வேற ஆளப் பாத்துக்கிறோம்.”

ரூமானா சரி என்றாள்.

மறுநாள் காலை ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்துவிட்டு ரசீது வாங்கினாள். அண்ணன் அம்மாவின் போனில் நாலு முறை அழைத்தான். இனி வகுப்பு கிடையாது என்று அம்மாவிடம் சொல்லி வைத்தான். அவளிடம் பேச வேண்டும் என்றான். அவள் போய் நிற்கவில்லை. மாலை நாகுடியிலிருந்து வந்ததும் முகம் கழுவி, டைரியைப் பையில் வைத்து, ஜிப்பை இழுத்துப் பார்த்து, இன்னொரு முறை இழுத்துப் பார்த்துவிட்டுச் செருப்பு மாட்டினாள்.

அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். “கையில போனும் இல்ல. நீ எங்க இருக்கன்னு எங்களுக்கு எப்புடித் தெரியும்?”

“கிளாஸுக்குப் போறேம்மா,” என்றாள் ரூமானா. “ஏழு மணிக்கு வாரேன். சொல்லிட்டுத்தானே போறேன்.”

அம்மா வாசல் வரை வந்தாள். தெருவில் மாமி வீட்டுக் கதவு பாதி திறந்திருந்தது. ரூமானா அந்தப் பக்கம் பார்க்காமல் நடந்தாள். திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்க்க அன்று எதுவும் இல்லை. வீட்டில் ஆள் இருந்தது.